எண்பது மீட்டர் ஏணி

கட்ச், அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு, வானதி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? வாய்க்காலில் தண்ணீர் குறையாமல் வருகிறதா? அம்மா மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்கிறார்களா?

போனில் சொன்னால் சம்பா நடவை விட்டுவிட்டு ரயிலேறிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். ஏப்ரலில் பைக்கிலிருந்து விழுந்து, வலது தோளில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் செய்தார்கள். இப்போது ஆறிவிட்டது. இத்தனை நாள் மறைத்ததற்குத் திட்டாதீர்கள்.

மறுபடி காற்றாலை ஏற முடியாவிட்டால் ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். போன மாதம் ஏறியபோது பாதி ஏணிக்கு மேல் வலது கையைத் தூக்க முடியவில்லை. இறங்கிவிட்டேன். நேற்று மறுபடி ஏறினேன். கூட வேலை பார்க்கும் திருவாரூர் ராஜ்குமார் அண்ணன், "வலிச்சா சொல்லும்மா, எறங்கிடலாம்" என்றபடி பின்னால் வந்தார். உச்சியில் ஓர் இரும்பு மூடி இருக்கிறது. தலைக்கு மேல் கையை நீட்டித்தான் அதைத் தள்ள வேண்டும். அவர் கை கொடுக்க வந்தார்.

"இருங்கண்ணே, நானே தொறக்குறேன்" என்று வலது கையால் தள்ளினேன். திறந்தது. இனி ஆபீஸ் பேச்சு இல்லை.

தலைவழியாகப் போட்டுக் கழற்றத் தோள் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, அதனால் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு கூரியரில் அனுப்புங்கள். கூடவே நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சட்டென்று போனை வைத்துவிடாதீர்கள், அன்று எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. அம்மாவிடம் நான் ஏறியதை மட்டும் சொல்லுங்கள். ஆறு வாரம் தனியாக இடது கையால் சாப்பிட்டதைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்
வானதி