கல்லறைமேல் புளிசாதம்

பருத்திப்பட்டு, ஆவடி
12.10.2025

அன்புள்ள தாட்சாயிணி அக்காவுக்கு,

ஹெலினா எழுதுவது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் கார்கில் போரில் இறந்த சிப்பாய் பிராங்கின் தங்கை. கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் வீராசாமி அண்ணன் உங்கள் தெருவாம். போன் நம்பர் தர மறுத்துவிட்டார். "கடுதாசி குடு, கொண்டுபோறேன்" என்றார்.

கல்லறைத் திருநாளன்று நாங்கள் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போனால், அண்ணன் கல்லறைமேல் வாழை இலையில் புளிசாதம் இருக்கும். வருஷா வருஷம் இதே கதைதான். "எவன்டா எம்புள்ள மேல துன்னுட்டு எலய போட்டுட்டுப் போறவன்?" என்று அம்மா திட்டிக்கொண்டே வழித்து எறிந்துவிடுவார். வைப்பது நீங்கள் என்று போன வாரம்தான் வீராசாமி அண்ணன் வாயைத் திறந்தார்.

அண்ணன் போனபோது எனக்கு நாலு வயது. சுவரில் யூனிபார்ம் போட்ட படம் ஒன்று, அவ்வளவுதான் தெரியும். யாரைக் கேட்டாலும் வீரன் என்கிறார்கள். வீரன் எனக்கு எதற்கு, எனக்கு அண்ணன் வேண்டும். அம்மாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. தெரிந்ததைச் சொல்லுங்களேன்.

மரியே வாழ்க.
ஹெலினா

நசரத்பேட்டை
31.10.2025

அன்புத் தங்கச்சி ஹெலினாவுக்கு,

நலம்தானே? உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

பூந்தமல்லி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில்தான் உன் அண்ணன் பழக்கம். டைப் அடிக்க வந்தவர் என் டிபன் பாக்ஸ் புளிசாதத்தைத்தான் காலி பண்ணினார். வீரனெல்லாம் எனக்கும் தெரியாதம்மா. லட்சுமி வெடிக்கே காதைப் பொத்திக்கொள்கிற ஆள். "பட்டாளத்துல இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன். "அங்க யாரு பாக்கப்போறா? அங்கயும் பொத்திக்குவேன்" என்றார். போயும் போயும் அந்த ஆளைத்தான் மலைமேல் ஏற்றினார்கள்.

கடைசி லீவில் வந்தபோது சொன்னார்: "அடுத்த தபா வர்றசொல்ல அம்மாகிட்ட பேசிடறேன். நீ புளிசாதம் கட்டிக்கினு ஊட்டுக்கு வா. அதத் துன்னா அம்மா ஒத்துக்கும்."

அடுத்த தடவை பெட்டியில் வந்தார். ஊரே திரண்டிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் வழக்கத்தில், இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததை இலையில் படைப்போம். வேறு முறை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் ரவிச்சந்திரனுக்கு எல்லாம் தெரியும். பைக்கில் கொண்டுவந்து விடுவதே அவர்தான். ஆனால் பெற்றவள் மனம் நோகிறது என்று தெரிந்தபிறகும் வைப்பது நியாயமில்லை. இந்த வருஷத்திலிருந்து வைக்கமாட்டேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
தாட்சாயிணி

பருத்திப்பட்டு
2.11.2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வீராசாமி அண்ணன் இன்று காலை கல்லறைத் தோட்டத்தில்தான் கொடுத்தார். அங்கேயே நின்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். லட்சுமி வெடி வந்ததும் அம்மா சிரித்துவிட்டார். "ஆமாண்டி, கட்டிலுக்கு அடில பூந்துக்குவான்!"

புளிசாதம் வந்த இடத்தில் அம்மா குனிந்தார். கல்லறையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். இலை இல்லை, ஒரு பருக்கை இல்லை. "எம்புள்ள பசியோட கீறானேடி" என்று உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

வரும் ஞாயிறு பூசை முடிந்து வீட்டில்தான் இருப்போம். மாமாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அண்ணன் சொன்னபடியே கட்டிக்கொண்டு வாருங்கள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிவிட்டேனா என்று நச்சரிக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "துன்றதுக்கு முன்னாடியே ஒத்துக்கினேன்னு எழுது."

உங்கள் தங்கை,
ஹெலினா