கொம்புப் பிடி பிரஷ்

மார்ச் 4, செவ்வாய்

மூச்சு இயந்திரத்தின் முகமூடி அப்பாவின் முகத்தில் இன்றும் சரியாக உட்காரவில்லை. தாடி இடுக்கு வழியாகக் காற்று புஸ்ஸென்று வெளியே போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் தாடியை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் நுரையீரல் தாங்காது என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். டப்பாவில் வரும் சவர நுரையைக் கையில் பிதுக்கிக்கொண்டு பக்கத்தில் போனேன். தட்டிவிட்டார். “என்னடி இது, தீ அணைக்கிறதா?” என்றார். இத்தனை மூச்சுவாங்கலிலும் நக்கலுக்குக் குறைச்சலில்லை.

மார்ச் 5

பரண் மேல் அவருடைய பழைய சவர பிரஷ் கிடைத்தது. கொம்புப் பிடி. முடியெல்லாம் காய்ந்த சோப்பில் கல்லாக இறுகிக் கிடக்கிறது. இதைச் சுத்தம் செய்து கொண்டுபோனால் சம்மதிப்பார். சம்மதிக்காமல் எங்கே போவார்?

அதே நாள், மாலை

என் அவசரப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சோப்பு சீக்கிரம் கரையட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். உள்ளே பசை இளகி, முடிக்கொத்து மொத்தமாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன். ஒரு பிரஷ்ஷுக்கா அழுதேன்?

மார்ச் 6

புதிதாக ஒன்று வாங்கினால் ஆகாதா என்கிறான் அண்ணன். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து போனில் சொல்வது சுலபம்.

கொத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்தேன். ஷாம்பூ போட்டு மூன்று தடவை அலசினேன். அழுக்கு போய் நடுவில் கறுப்பும் நுனியில் வெள்ளையுமாக நிறம் தெரிந்தது. பிடியின் குழியிலிருந்த பழைய பசையை ஊசியால் சுரண்டி, புதுப் பசை வைத்து நிறுத்தியிருக்கிறேன். ஒரு நாள் காய வேண்டும். அப்பா கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

மார்ச் 7, வெள்ளி

நுரை கெட்டியாக, அருமையாக வந்தது. கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தாடி இருந்தா முகமூடி ஒட்டாதுன்னு தெரிஞ்சுதாம்மா வளர்க்கிறேன்.”

இதை நேற்றே சொல்வதற்கென்ன என்று கத்திவிட்டேன்.

“நீ ஆசையா செஞ்சிட்டிருந்தே. அதான்.”

போதும் என்கிறார். அந்த முகமூடிக்குள் கிடந்து இன்னும் நாலு மாதம் இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறார். அப்ப நான்? எனக்குன்னு யார் இருக்கா? இத யோசிச்சாரா இந்த மனுஷன்? — கேட்கவில்லை. நுரை அடங்கித் தண்ணீராகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு சவரக் கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

மார்ச் 8

நர்ஸிடம் நானே சொன்னேன். அவர் அப்பாவிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தார். திணறல் தெரியாமலிருக்க மருந்துக்கு ஏற்பாடு செய்கிறாராம். அண்ணன்தான் போனில் குதித்தான். கொலைகாரி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். கிளம்பி வா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 11

தாடி அரிக்கிறதாம். சொறிந்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

விடியும்போது மூச்சு நின்றுவிட்டது.

அண்ணன் வந்துசேரச் சாயங்காலம் ஆகும். அதுவரை நானும் அவரும்தான். பிரஷ்ஷை நனைத்து நுரை போட்டேன். ஒரு முடிகூட உதிரவில்லை. கன்னம், தாடை, கழுத்து — நிதானமாக எடுத்தேன். மேலுதட்டை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

அண்ணன் பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“அப்பா மொகம் இவ்ளோ சின்னதா?” என்றான்.