பறக்காத மணிகள்

மார்ச் 4
இன்றும் அந்தத் தண்டச் செலவுக்குப் பணம் கட்டினேன். மனைவி இறந்து ஒரு வருடமாகப் போகிறது; அவளுடைய குட்டி விமானம் கொட்டகையில் பூட்டிக் கிடக்கிறது. பறக்கிற மணிக்கு இவ்வளவு என்று கட்டிவந்தால், எஞ்சினுக்கு எது வந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம். பறக்காவிட்டாலும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. நான் பல் டாக்டர். வராத நோயாளியிடம் காசு கேட்டால் விடுவார்களா?

"திட்டத்தை நிறுத்திடாதீங்க சார். அது இருந்தாத்தான் நம்பி வாங்குவாங்க" என்கிறார் விமானத்தை விற்றுத்தரும் தரகர். இந்த மாதமே மகள் ஓட்டிக்கொண்டு போய் அவரிடம் ஒப்படைக்கப்போகிறாள். அம்மாவிடம் கற்றவள்.

மார்ச் 11
கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "போன மாசம் பறக்கவே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. பல தடவை பறந்திருக்கே சார்?" எஞ்சினில் இருக்கும் கருவி தானாகவே அவர்களுக்குத் தகவல் அனுப்பிவிடும். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? சாவி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மார்ச் 12
கொட்டகைக்குப் போனேன். பூட்டு அப்படியே. சக்கரத்தைச் சுற்றித் தூசி கலையவில்லை. பறந்த மணிகளைக் காட்டும் மீட்டர் மட்டும் ஏறியிருக்கிறது.

எஞ்சின் மூடியில் கை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. வெயிலாக இருக்கும். கதவு சாத்தியிருந்ததே — எந்த வெயில்?

மார்ச் 15
இந்த மணிகளையும் சேர்த்தால் எஞ்சினைச் சோதிக்கும் கெடு வந்துவிட்டதாம். சோதிக்காமல் பறக்கக் கூடாது. பறக்கவில்லை என்று நான் எழுதிக்கொடுத்தால் மணிகளை நீக்கிவிடுவார்கள், சோதனையும் வேண்டாம்.

"கருவிதான்பா ரிப்பேர். எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாருங்க. சனிக்கிழமை நான் கிளம்பணும்" என்றாள் மகள். எழுதிக்கொடுத்துவிட்டேன்.

மார்ச் 16
கம்பெனிப் பெண் விவரம் அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் தரையிறங்கிய பிறகு எஞ்சினை உடனே அணைக்காமல் வெகுநேரம் சும்மா ஓடவிட்டிருக்கிறார்கள் — யார்? என் மனைவி அப்படித்தான் செய்வாள். "அது மூச்சு வாங்கிக்க வேண்டாமா?" என்பாள். நான் வெளியே நின்று கத்துவேன்.

என்னடி சொல்ல வர்ற? வாயைத் திறந்து சொல்லேன்!

எழுதிக்கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மகள் போனில் எரிந்து விழுந்தாள்.

மார்ச் 19
எஞ்சினுக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே சுழலும் தகடு ஒன்றில் விரிசல்.

"இதோட மேல போயிருந்தா பிச்சுக்கிட்டு வந்திருக்கும் சார்" என்றார் மெக்கானிக்.

இருப்பது ஒரே எஞ்சின். அவள் தனியாகப் போயிருப்பாள். என் பிள்ளை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

ஏப்ரல் 9
தகடு மாற்றி, சோதித்து, எல்லாம் திட்டத்திலேயே முடிந்தது. தண்டச் செலவு என்று இனி சொல்ல மாட்டேன். நாளைக்கு மகள் கிளம்புகிறாள்.

ஏப்ரல் 10
காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. மதியம் மகள் கூப்பிட்டாள்.

"நல்லபடியா இறங்கிட்டேன்பா. ஆமா, பக்கத்து சீட்டை இவ்வளவு முன்னால இழுத்து வெச்சது யாரு? அம்மா உயரத்துக்குத்தான் சரியா இருக்கும். நீங்களா?"

அந்த சீட்டை நான் தொட்டதே இல்லை. "ஆமாம்மா, நான்தான்" என்றேன்.