அய்யாவின் பல்பு எத்தனை லூமென்?

கடையில் இரண்டு பல்பை எரியவிட்டுப் பார்த்தும் ஒன்றையும் வாங்காமல் வந்த என் அன்பு அய்யாவுக்கு,

வாசல் பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது. நீங்கள் மாட்டிய அதே அறுபது வாட்ஸ் குண்டு பல்புதான். கழற்றினால் கண்ணாடி முழுக்க உப்புப் படிந்து பழுப்பாக இருந்தது. புதுமடத்துக் கடற்காற்று நம் தென்னந்தோப்பைத் தாண்டி வாசல்வரை வந்திருக்கிறது.

நீங்கள் போன பிறகு அம்மா பொழுதுசாய வெளியே வந்து உட்கார்ந்தது அந்த வெளிச்சத்தில் மட்டும்தான். இப்போது அதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே படுத்துக்கொள்கிறாள். "ஒங்கய்யா லைட்டு மாதிரியே ஒண்ணு வாங்கியாந்து போடு" என்று மட்டும் சொன்னாள். பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

உச்சிப்புளிக் கடையில் நாம் நின்றது நினைவிருக்கிறதா?

"ஒம்பது வாட்ஸு எப்புடிப்பா அறுபது வாட்ஸுக்கு ஈடாகும்?" என்று புது எல்.இ.டி. பல்பைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"அண்ணே, இப்பல்லாம் வாட்ஸப் பாக்கக்கூடாது. லூமென் பாக்கணும்" என்றார் கடைக்காரர்.

"லெமனா? என்னப்பா, சர்பத்துப் போடப் போறியா?"

கடையே சிரித்தது. திரும்பும்போது வண்டியில், "ஏத்தா, அது என்னன்னு ஒம் புத்தகத்துல பாத்துச் சொல்லு" என்றீர்கள்.

பார்த்தேன், அய்யா. ஆனால் உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் நெஞ்சுவலி என்று ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

பதில் இதுதான். வாட்ஸ் என்பது மாடு தின்கிற தீனி. லூமென் என்பது அது உழுகிற உழவு. பழைய பல்பு நிறையத் தின்றுவிட்டுச் சூடேறி நின்றது. புதியது கொஞ்சமாகத் தின்று அதே அளவு உழுகிறது. இதைப் புத்தகத்தில் இருந்தபடியே அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? கேலி செய்திருப்பீர்கள். அந்தக் கேலியாவது கிடைத்திருக்கும்.

அறுபது வாட்ஸ் குண்டு பல்பு ஏறக்குறைய எழுநூறு லூமென் தரும் என்று படித்திருந்தேன். அட்டைப்பெட்டியில் அதே எண் போட்டிருந்த எல்.இ.டி. பல்பை வாங்கி வந்து மாட்டினேன். அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஆத்தே, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. அமத்து, அமத்து!"

அளவைப் பார்த்த நான் நிறத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் படுத்திருந்த வார்டில் எரிந்ததும் இதே வெள்ளைதான்.

மறுபடி கடைக்குப் போனேன். "மஞ்சளா? இப்ப யாரு பாப்பா அதக் கேக்குறாக?" என்று சொல்லிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். லூமென் அதேதான். பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் இன்னும் ஒரு அறுபது வாட்ஸ் குண்டு பல்பு எரிகிறது. அதன் கீழே ஒரு முறை, நம் வாசலில் ஒரு முறை, பல்பிலிருந்து ஒரே தூரத்தில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை.

அம்மா வந்து பார்த்தாள். "நெறம் சரி. ஆனா மங்கல். ஒங்கய்யா லைட்டுல அங்கன முருங்க மரம் வரைக்கும் பளிச்சுன்னு தெரியும்."

மரம் தெரியாது, அய்யா. நான் அந்தப் பல்பின் கீழேதானே படித்தேன்? தண்ணீர்க் குழாய்வரைகூட அந்த வெளிச்சம் எட்டாது. உப்புப் படிந்தபின் எழுநூறும் வந்திருக்காது. பெட்டியைக் காட்டி வாதாட வாயெடுத்தேன். அம்மா முருங்கை மரம் இருந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மடக்கி வைத்துவிட்டேன்.

"என்ன பாப்பா, கடையவே வாங்கப் போறியா?" என்று கேட்டார் கடைக்காரர். இந்த முறை இரண்டு மடங்கு லூமென் உள்ள மஞ்சள் பல்பு. போட்டதும் முருங்கை தெரிந்தது, வேலி தெரிந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஆடுகூடத் தெரிந்தது. அம்மா வெளியே வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"ஆங். இதுதான் ஒங்கய்யா லைட்டு."

ஒரு தென்னங்கீற்றை இழுத்துப் போட்டு ஈர்க்குக் கிழிக்க ஆரம்பித்தாள். நீங்கள் போனபின் அவள் கையில் வேலை எடுத்து நான் பார்ப்பது இப்போதுதான்.

எனக்கு மட்டும் சந்தோஷம் முழுதாக வரவில்லை. உண்மையில் நீங்கள் உட்கார்ந்திருந்தது அந்தப் பழுப்பு வெளிச்சத்தில்தான். இப்போது என் கண்ணிலிருந்தும் அது மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தப் பல்பை நீங்கள் இருந்தபோதே மாட்டியிருந்தால், உங்கள் முகத்தை இன்னும் கொஞ்சம் தெளிவாகப் பார்த்திருப்பேன் இல்லையா?

அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டேன், அய்யா. நாளைக்கு இதுவும் மங்கல் என்று சொன்னால், எதிர்த்துப் பேசாமல் இதைவிடக் கூடுதலாக ஒன்று வாங்கி வந்து மாட்டுவேன். அவளுக்கு நீங்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறீர்களோ, அவ்வளவுக்கு நம் வாசல் எரியும்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும்,
உங்கள் மகள்