குட்டி வேலைக்கு வைத்த பெயர்

மஸ்கட்

தங்கம்மாள் அக்காவுக்குத் தம்பி அரசப்பன் வணங்கி எழுதுவது. நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? சம்பா நடவு முடிந்ததா?

இங்கே என்னைக் கேட்காமல் ஒரு கம்ப்யூட்டரும் ஓடாது. சரி, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. கிடங்கின் பெரிய புரோகிராம் ஒன்று பன்னிரண்டு குட்டி வேலைகளைக் கிளப்பிவிடும். அத்தனைக்கும் அந்தத் தாய் புரோகிராமின் பெயரேதான். அதில் ஒன்று சிக்கிக்கொண்டது. அந்தப் பெயரைத் தட்டி நிறுத்தினேன். பன்னிரண்டும் நின்றன, வாசலில் லாரிகளும் நின்றன.

உன் மகள் எழில்மொழிக்கு ஃபோன் போட்டேன். "மாமா, குட்டியைக் கிளப்புறப்பவே அதுக்குன்னு ஒரு பேரையும் சேர்த்துக் குடுக்கச் சொல்லுங்க. பத்து எழுத்துக்குள்ள இருக்கணும்" என்றாள். அதை என் யோசனையென்று மேனேஜரிடம் அளந்தேன். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் நானே போட்டுக்கொண்டது. அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் அனுப்பினேன் பார், அன்றிலிருந்து அவள் என் ஃபோனை எடுப்பதில்லை. பிள்ளையின் வேலையை என் பெயரில் ஓட்டிவிட்டேன், அக்கா. வெட்கமாக இருக்கிறது.

இன்று மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப நீ என்னய்யா பண்ணின?"

"ஃபோன் போட்டேன் சார்."

முதல் குட்டிக்கு அவள் பெயரையே வைக்கச் சொன்னேன், வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் சரியாகப் பத்து எழுத்து.

மோர்மிளகாய் கொஞ்சம் அனுப்பு. பார்சல்மேல் விலாசத்தை மட்டும் அவளையே எழுதச் சொல். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

அரசப்பன்