ஆலை வாசலில் தூக்கிய கைகள்

அன்பு மகள் லூசீலியாவுக்கு அப்பா தன் கையாலேயே எழுதிக்கொள்வது. எழுத்து கோணலாகவும் சில இடங்களில் எறும்பு மாதிரியும் சில இடங்களில் எருமை மாதிரியும் இருக்கும், மன்னித்துக்கொள். மேசை ஆடுகிறது என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் மேசை நன்றாகத்தான் இருக்கிறது, கைதான் எழுத்துக்குப் புதிது. இத்தனை வருடம் நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதினாள், பாதியை அவளே மாற்றியும் எழுதினாள் என்பது இப்போதுதான் தெரிகிறது. அவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறாள், நான் கையால் மறைத்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே மழை வரும் என்கிறது. எலுமிச்சை மரம் இந்த வருடம் தாங்க முடியாமல் காய்த்திருக்கிறது. உனக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் அங்கே லக்சம்பர்க் குளிரில் உடம்பு எப்படி இருக்கிறது, உன் முதுகுவலி குறைந்ததா, கனமான வாளியைத் தூக்காதே, தள்ளிக்கொண்டு போ.

வாளி என்றதும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், போனில் சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இரும்பாலை வேலைநிறுத்தத்துக்கு ஐம்பது வருடம் ஆனதை ஊர் கொண்டாடுகிறது. நாடகக் குழுவின் லியோனோர் என்ற பெண் எங்களை எல்லாம் சங்கக் கட்டடத்தில் கூட்டி, எதையும் எழுதிக் கொடுக்க மாட்டேன், அவரவர் பார்த்ததை அவரவர் வாயாலேயே பழைய ஆலை வாசலில் நின்று சொல்ல வேண்டும் என்றாள். பெண்கள் பழைய வேலைச் சட்டைகளைக் கிழித்து ஒட்டுப்போட்டு ஒரு பெரிய கொடி தைத்தார்கள், என் சட்டையின் முதுகுப்பக்கமும் அதில் இருக்கிறது, நெருப்புப் பொறி விழுந்த ஓட்டைகளோடு. முதல் ஒத்திகையில் நம் தெரு எத்தெல்வினா எழுந்தாள். “மத்தி மீன் கழுவின தண்ணி ஒரு வாளி. உள்ள போன கருங்காலி ஒருத்தன் தலையில அப்படியே கவுத்தேன். ஒரு வாரத்துக்கு அவன்கூடப் பூனைங்கதான் பேசியிருக்கும்!” என்றாள். கட்டடமே சிரித்தது, பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன், பூனை விஷயம் உண்மை.

மகளே, நான் அந்த வேலைநிறுத்தத்தின்போது தினமும் ஆலைக்குள் போனவன் என்பது உனக்குத் தெரியும், ஏன் போனேன் என்பது தெரியாது. உலையை அப்படியே விட்டுவிட முடியாது. சூடு தணிந்தால் உள்ளே உருகிய இரும்பு உறைந்து ஒரே பாறையாகிவிடும், பிறகு வெடிவைத்துத்தான் எடுக்க வேண்டும், வேலைநிறுத்தத்தில் ஜெயித்தாலும் திரும்பிப் போக வேலை இருக்காது. அதனால் உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆட்கள் கூடி, உலை சாகாமல் பார்த்துக்கொள்ள மூன்று பேர் உள்ளே போகட்டும் என்று கை தூக்கி முடிவு செய்தார்கள். மூவரில் நான் ஒருவன், மற்ற இருவரும் இப்போது இல்லை. அது ரகசியப் போலீஸ் காலம், கூட்டம் நடந்தது என்று தெரிந்தாலே சிறை. அதனால் அந்த அறையில் ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: யாரும் இன்னொருவன் பெயரைச் சொல்லக் கூடாது, உயிரோடு இருக்கிறவரை அவனவன் கையைப் பற்றி அவனவன்தான் சொல்லலாம். ஏப்ரல் புரட்சி வந்து சர்வாதிகாரம் விழுந்த பிறகு சொல்லியிருக்கலாமே என்பாய். அப்போது ஊரில் நேற்றுவரை அந்த அரசாங்கத்துக்குத் தலையாட்டியவன்கூடத் தானும் போராளி என்று சொல்லிக்கொண்டு திரிந்தான், அந்த வரிசையில் போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று ஒத்திகையில் என்னமோ வாய் தானாகத் திறந்தது. “அக்கா, நீ தண்ணி ஊத்தினது நெஜம். என்னை உள்ள அனுப்பினது யாருன்னு நீ கேக்கவே இல்லையே,” என்றேன். “யாரு, மேனேஜர்தான்!” என்றாள். “இல்லை, கை தூக்கி அனுப்பினாங்க. அதுல உன் வீட்டுக்காரர் சில்வேரியோ கையும் ஒண்ணு,” என்றேன். சில்வேரியோ போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால் அவர் பெயரைச் சொல்லலாம். அவள் முகம் சிவந்துவிட்டது. “செத்தவன் மேல பழி போடாதய்யா! அப்படி இருந்தா என்கிட்ட சொல்லியிருக்க மாட்டானா?” பின்வரிசையிலிருந்து அபீலியோ, “மோட்டார் சைக்கிளை வித்ததையே அவன் உன்கிட்ட சொல்லலையேம்மா,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த அபீலியோவும் அந்தக் காலத்தில் உடை மாற்றும் அறையில் கை தூக்கியவன், அவன் பெயரை இப்போது நான் ஏன் எழுதலாம் என்பது பின்னால் தெரியும். சிரிக்க வைத்தானே தவிர நானும் இருந்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, கேட்டு வாங்கக் கூடாது என்பதுதானே கட்டுப்பாடு. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, “இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்தியே, சாகிறவரைக்கும் இருந்திருக்கக் கூடாதா?” என்றாள். கோபம் இல்லை அது, பயம். ஊர் இன்னொரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டால் இந்த வயதில் எங்கே போவது என்ற பயம்.

மறுநாள் காலை எத்தெல்வினா வாசலில் நின்றாள், உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. “என் கதையை நான் விடமாட்டேன். சனிக்கிழமை அந்த வாசல்ல, எல்லார் முன்னாலயும், உன் தலையில திரும்பவும் ஊத்துவேன். ஊத்தின பிறகு நீ சொல்லவேண்டியதைச் சொல்லு. நம்புறதா வேண்டாமான்னு நான் அங்கதான் முடிவு பண்ணுவேன்,” என்றாள். சரி என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், நவம்பர் மாதத்தில் நனைந்தால் நெஞ்சில் சளி கட்டும் என்றாள், சனிக்கிழமை கிளம்பும்போது உள்ளே இரண்டு கம்பளிச் சட்டை போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை ஆலை வாசலில் இவ்வளவு கூட்டம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லிஸ்பனிலிருந்து படகேறிக்கூட வந்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பாட்டுக் குழுவின் ஆண்கள் தோளோடு தோள் கோத்துக்கொண்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு தெருவைத்தான் கடப்பார்கள் என்கிற அந்த மெதுவான நடையில் வந்தார்கள், முன்னால் அந்த ஒட்டுக்கொடி. நான் பழைய மாதிரியே சாப்பாட்டுப் பையோடு வாசலை நோக்கி நடந்தேன். எத்தெல்வினா ஊற்றினாள். வெறும் தண்ணீர் என்று நினைத்தேன், பாவி, நிஜமாகவே மத்தி மீன் கழுவிக் கொண்டுவந்திருக்கிறாள்! சனம் சிரித்து ஓய்ந்ததும் சொட்டச் சொட்ட நின்று, உலையைப் பற்றியும் அந்த அறையைப் பற்றியும் உனக்கு மேலே எழுதியதைத்தான் சொன்னேன், யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லி முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. எத்தெல்வினா வாளியோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காதுக்குள் தண்ணீர் போய்விட்டதா, சனம்தான் பேசாமல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. உன் அம்மாவைத் தேடினேன், அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பாட்டுக்காரர்கள் வரிசையில் அபீலியோ பக்கத்து ஆளின் தோளிலிருந்து கையை எடுத்து மேலே தூக்கினான். வரிசையின் அந்தக் கோடியில் இன்னொரு கை. கூட்டத்துக்குள் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரின் கை, அதை அவர் மகள் முழங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு இன்னும் ஒன்று. அவ்வளவுதான் மிச்சம் இருக்கிறோம். எத்தெல்வினா ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். “என்னய்யா, இத்தனை வருஷமா இந்தக் கையையெல்லாம் எங்க வெச்சிருந்தீங்க?” என்று கத்தினாள். வாளியைக் கீழே வைத்தாள், தன் கையைத் தூக்கினாள். “இது சில்வேரியோவோடது,” என்றாள். பிறகு தன் சால்வையைக் கழற்றிப் பாத்திரம் துடைப்பது மாதிரி என் தலையைத் துடைத்தாள், வலித்தது.

சளி பிடிக்கவில்லை என்று அம்மா எழுதச் சொல்கிறாள். கடைசியாக ஒன்று. நீ பள்ளிக்கூடத்திலிருந்து கிழிந்த காலரோடு வந்த நாள் எனக்கு மறக்கவில்லை. கருங்காலியின் மகள் என்று அதைக் கிழித்தவள் எத்தெல்வினாவின் மகள் இல்டா என்று நீ சொல்லவில்லை, ஆனால் தெரியும். இல்டாவும் சனிக்கிழமை கூட்டத்தில் இருந்தாள். எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து உன் விலாசம் கேட்டாள். நல்ல பெண்ணாகத்தான் கேட்டாள், கண் கலங்கியிருந்தது. ஆனால் காலர் உன்னுடையது, அதனால் என் மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கொடுக்கட்டுமா வேண்டாமா? வேண்டாம் என்றாலும் அப்பா உன் பக்கம்தான்.

நீயும் மருமகனும் பேரனும் குறையில்லாமல் இருக்க வேண்டும், உங்கள் வீட்டு அடுப்பு எப்போதும் எரிய வேண்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் திரும்ப எழுதுவேன்.

இப்படிக்கு உன் அப்பா,
குஸ்டோடியோ