ரூஹியின் கூண்டும் பக்தாவின் சிவப்பு மருந்தும்

ஜூலை 4, வியாழன்

எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசை நகரவே இல்லை. ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன்.

காலையில் ரூஹி தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். என் மகள்! உடம்பில் இரும்புச்சத்தைச் சேர்த்து வைக்கிற ஒரு புரதம் இருக்கிறதாம். உள்ளே காலியான உருண்டைக் கூண்டு, மொத்தம் இருபத்து நாலு துண்டு. புளிப்பு ஏற்றினால் துண்டு துண்டாகப் பிரியும். கேன்சர் மருந்தைக் கலந்து புளிப்பை இறக்கினால் தானாகச் சேர்ந்து மருந்தை உள்ளே பூட்டிக்கொள்ளும். கேன்சர் செல்லுக்கு இரும்பென்றால் பேராசை. கூண்டை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே போய்த்தான் திறக்கும். மற்ற இடமெல்லாம் தப்பிக்கும்.

"அப்போ கன்டெய்னர்தானே?" என்றேன்.

"கன்டெய்னருக்கு டிரைவர் வேணும். இதுக்கு வேணாம் அத்தா."

பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டா! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஜூலை 6, சனி

கல்மண்டபம் டீக்கடையில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. "கொஞ்சம் வாய மூடிக்கினு வாயேன்" என்கிறாள் மலிகா. அவளும் ரூஹியைப் பெற்றவள்தானே, பெருமை இல்லையா?

ஜூலை 7, ஞாயிறு

பக்தவச்சலத்தைப் பார்க்கக் கொருக்குப்பேட்டை போனேன். இருபது வருஷமாக என்னோடு டிரெய்லர் ஓட்டும் தோஸ்து. கழுத்தில் கட்டி, நிணநீர்ப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சிவப்பாக ஒரு மருந்து ஏற்றுகிறார்கள். இரண்டு முடிந்தது, நாலு பாக்கி. முடி போச்சு, வாயெல்லாம் புண்.

"இனிமே தாங்காது மாமு" என்றான்.

மனசு கேட்கவில்லை. "கவலப்படாத. ரூஹி மருந்து வந்துகினே கீது" என்றேன். முகம் தெளிந்துவிட்டது அவனுக்கு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தூத்துக்குடி லோடு. முதுகு வலி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பக்தாவின் மனைவி கெங்கம்மா வீட்டுக்கு வந்தாள். "ஆஸ்பத்திரிக்கே போமாட்டேன்றாரு பாய். ரெண்டு தபா வுட்டாச்சு. உங்க பொண்ணு மருந்துக்காகக் காத்துக்கினு கீறாரு. கட்டி திரும்ப வீங்குது. எப்போ வரும் பாய்?"

யா அல்லா. இன்னா காரியம் பண்ணிட்டேன் நான்! அவன் உசுரோட வெளாடிட்டேனே!

ரூஹி என்னைத் திட்டவில்லை. "இன்னும் எலிக்குத்தான் அத்தா போடறோம். மனுஷனுக்கு வர பத்து வருஷம் ஆகலாம். வராமலே போகலாம்" என்று செருப்பை மாட்டினாள். "கிளம்புங்க."

அவளைக் கண்டதும் பக்தா எழுந்து உட்கார்ந்தான். அவன் கண் அவள் பை மேலேயே இருந்தது. ரூஹி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"மாமா, நான் ஒண்ணும் கொண்டு வரல. அந்தக் கூண்டுக்குள்ள நான் அடைக்கிறதே உங்களுக்கு ஏத்தற அதே சிவப்பு மருந்துதான். அது ஆஸ்பத்திரில இப்பவே இருக்கு. எனக்காகக் காத்திருக்காதீங்க."

தோற்றுப்போன சோதனைகள், செத்துப்போன எலிகள், எல்லாவற்றையும் சொன்னாள். பக்தா முகம் சுருங்கிப் போனது. நானாக இருந்தால் அங்கேயே ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அவள் கடைசிவரை சொன்னாள், கையையும் விடவில்லை.

அவள் படிப்புதான் பெரிசு என்று ஊரெல்லாம் சொன்னேனே — இதை எங்கே கற்றுக்கொண்டாள்? என்னிடமிருந்து இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று பக்தா சொல்லிவிட்டான்!

ஆகஸ்ட் 29, வியாழன்

லீவு போட்டுக் கூட்டிப்போனேன். கட்டி பெரிதாகியிருக்கிறது, ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. "ரெண்டு தடவை ஏன் வரல? யாராவது எதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. பயந்துட்டேன்மா" என்றான் பக்தா, என் பக்கமே திரும்பாமல்.

நான் மேஜைப் பக்கம் நகர்ந்தேன். "இல்ல டாக்டர். நான்தான் சொன்னேன்" என்றேன். அவர் திட்டியது மொத்தமும் நியாயம்.

செப்டம்பர் 5, வியாழன்

ஸ்கேனில் நோய் வேறு எங்கும் பரவவில்லை. பழைய மருந்தையே தொடரலாமாம். அல்ஹம்துலில்லாஹ். இன்று ஏற்றினார்கள்.

பக்கத்து நாற்காலியிலும் ஒருவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பக்தா சும்மா இருப்பானா? என்னைக் காட்டி, "இவரு பொண்ணு பெரிய சயின்டிஸ்ட்டு. கேன்சருக்குத்தான் மருந்து பண்ணுது" என்றான்.

அந்த ஆள் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார். "அப்படியா பாய்? எப்போ வரும்?"

"இன்னும் படிச்சுகினுதான் கீதுப்பா" என்றேன்.